பென்ஷன் இல்லாத வாத்தியார்கள்

எனக்கு வந்த கடைசிக் கடிதத்தில் 'ஓய்வு' என்ற சொல்லே இல்லை. எத்தியோப்பியாவில் நான் ஆங்கிலம் நடத்திய பல்கலைக்கழகம் கொடுத்த ஒன்றரைப் பக்கத் தாள் அது. ஒப்பந்தம் இன்ன தேதியோடு முடிகிறது, புதுப்பிக்கப்படாது, ஊர் திரும்ப விமான டிக்கெட் உண்டு, நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்ததற்குச் சான்று காட்ட வேண்டும். அவ்வளவுதான். அதே வருடம் மே மாதம், என்னோடு பி.எட். படித்த நண்பர் பென்னாகரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பணி ஓய்வு பெற்றார். மாலை, பொன்னாடை, பிரிவு உபசார விழா, கடைசியில் பிரியாணி. படமெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தது.

இரண்டு பேருமே ஆங்கில வாத்தியார்கள். அவர் ஓய்வு பெற்றார், என் ஒப்பந்தம் முடிந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரும்பி வரும் வெளிநாட்டு ஆசிரியர்கள் படும் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் கிளம்புகிறது என்பது என் எண்ணம். ஊரில் இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. "வெளிநாட்டுல இருந்து வந்தவரு, அவருக்கென்ன" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடிக்கிறார்கள்.

1990-களில் எங்கள் பக்கம் ஆங்கில இலக்கியமும் பி.எட்.டும் முடித்தவனுக்கு இரண்டு வழிகள் இருந்தன. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பதிவு மூப்பு வரும்வரை காத்திருக்கலாம். இல்லையென்றால் ஏதாவது மெட்ரிகுலேஷன் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குச் சேரலாம். மூன்றாவது வழியைக் காட்டியது செய்தித்தாளின் வரி விளம்பரம். மாலத்தீவுக்கு ஆசிரியர்கள் தேவை, நேர்காணல் திருவனந்தபுரத்தில். பாலக்கோட்டிலிருந்து கிளம்பி இரண்டு பஸ், ஒரு ரயில் மாறிப் போய் நானும் வரிசையில் நின்றேன். 1997 முதல் பதினாறு வருடம் மாலத்தீவு, அப்புறம் பன்னிரண்டு வருடம் எத்தியோப்பியா.

எனக்கு முந்திய தலைமுறைக்கு ஆப்பிரிக்காதான் வெளிநாடு. ஹைலே செலாசி பேரரசராக இருந்த காலத்திலேயே எத்தியோப்பியப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். 1976-ல் நைஜீரியா அனைவருக்கும் தொடக்கக் கல்வி என்று அறிவித்தபோது, எண்ணெய்ப் பணம் கையில் புரண்டதால் இங்கிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். 1980 வாக்கில் ஒரு நைரா ஒரு டாலரைவிட மதிப்பானது. 1986-ல் அந்த நாணயத்தின் மதிப்பைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்று மிதக்கவிட்டார்கள். சேமிப்பை அங்கேயே நைராவில் வைத்திருந்தவர்களுக்குக் கையில் மிஞ்சியது கொஞ்சம்தான். பழைய கதை என்று நினைத்திருந்தேன். 2024 ஜூலையில் எத்தியோப்பியாவும் தன் நாணயமான பிர்ரை மிதக்கவிட்டது. அந்த வருடம் முடிவதற்குள் டாலருக்கு எதிரே பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. அங்கே வங்கியில் நான் 'அப்புறம் அனுப்பலாம்' என்று விட்டுவைத்த கொஞ்சத்துக்கும் அதே கதி.

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க உலகமெல்லாம் ஆள் தேடும்போது நாம் ஏன் ஆப்பிரிக்காவுக்கும் மாலத்தீவுக்கும் பூட்டானுக்கும் வளைகுடாவுக்கும் மட்டும் போகிறோம் என்று கேட்கலாம். நல்ல சம்பளம் தரும் கதவுகள் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் திறக்கின்றன. தென் கொரியாவில் மொழி ஆசிரியருக்கான ஈ-2 விசா ஆங்கிலத்துக்கு ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. 2010-ல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய வணிக ஒப்பந்தம் நமக்கு ஒரு சிறு சந்து திறந்துவிட்டது, அதுவும் உதவி ஆசிரியராக. அங்கே வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் டிகிரி முடித்த கையோடு வாங்கும் சம்பளத்தை நான் எம்.ஃபில்., இருபது வருட அனுபவம் எல்லாம் வைத்துக்கொண்டு கண்ணால் பார்த்ததில்லை. ஆகவே 'வெளிநாட்டுப் பணம்' என்று ஊர் கற்பனை செய்யும் தொகை முதலிலேயே சிறியது.

அதோடு அது மாதாமாதம் வருவதும் நின்றுபோகிறது. என் நண்பர் 2003 ஏப்ரல் 1-க்கு முன் பணியில் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியம். கடைசிச் சம்பளத்தில் பாதி, அதன்மேல் அகவிலைப்படி, அவருக்குப் பிறகு அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். எங்களுக்குக் கிடைப்பது ஒருமுறை கிடைக்கும் பணிக்கொடை. அதுவும் எல்லா நாட்டிலும் கிடையாது. ஐக்கிய அரபு அமீரகத்தின் கணக்கை எடுத்துக்கொள்வோம்: முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குமேல் வருடத்துக்கு 30 நாள். அடிப்படைச் சம்பளம் 4,000 திர்ஹாம் வாங்கிய ஓர் ஆசிரியைக்குப் பதினைந்து வருடம் முடிந்தால் 54,000 திர்ஹாம், ஏறக்குறைய 13 லட்சம் ரூபாய். மகள் கல்யாணத்தில் மண்டபமும் நகையும் சேர்ந்தே அதைத் தின்றுவிடும்.

இந்தியா சில நாடுகளோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஜெர்மனியிலோ ஜப்பானிலோ வேலை பார்த்தவருக்கு, அங்கே பென்ஷனுக்குக் கட்டியது வீணாகாமல் இருக்க அது உதவும். வளைகுடா நாடுகளோடும் மாலத்தீவோடும் எத்தியோப்பியாவோடும் அப்படி எதுவும் இல்லை. ஆக, வாத்தியார் போன நாடுகள் எல்லாம் அந்தப் பட்டியலுக்கு வெளியே. தன் பென்ஷனைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் பத்து வருடம் முன்னாலேயே தொடங்கியிருக்க வேண்டிய அந்த வேலையை நம் ஆட்கள் எதில் தொடங்கினார்கள் என்றால், நிலத்தில்.

நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குடும்பங்கள் உடைவது அங்கேதான்.

வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் வீடு வாங்கலாம், மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றும் வாங்கக் கூடாது. அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் கீழ் உள்ள விதி இது. தானமாகக் கூட எழுதி வாங்க முடியாது. வாரிசு உரிமையில் வருவது மட்டும் வரலாம். பாலக்கோட்டில் தக்காளித் தோட்டம், காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு, அரூர் பக்கம் கரும்புக் காடு என்று கனவு கண்டுகொண்டு சம்பளம் அனுப்பியவர்களில் எத்தனை பேருக்கு இந்த விதி தெரியும்? எனக்கும் அப்போது தெரியாது. 2008-ல் மாரண்டஅள்ளி போகும் வழியில் இரண்டு ஏக்கர் விலைக்கு வந்தது. நான் பணம் அனுப்பினேன். பத்திரம் எழுதப் போன இடத்தில்தான் எழுத்தர் கேட்டிருக்கிறார், வாங்குகிறவர் எங்கே இருக்கிறார் என்று. அப்படி இப்படிப் பேசி, தம்பி பெயரில் கிரயம் முடிந்தது. "என் பேர்ல இருந்தா என்னண்ணா, உன் நெலந்தானே" என்று தம்பி போனில் சொன்னான். அன்றைக்கு அதை மனசாரத்தான் சொன்னான்.

2016 நவம்பரில் திருத்தப்பட்ட பினாமிச் சட்டம் வந்தது. மனைவி பெயரிலோ பிள்ளைகள் பெயரிலோ, கணக்கில் காட்டிய தன் வருமானத்தில் வாங்கினால் அது பினாமி இல்லை. அண்ணன் தம்பி, அக்கா தங்கை பெயரில் வாங்கினால், பத்திரத்தில் தன் பெயரும் கூட்டு உரிமையாளராக இருந்தால்தான் அந்த விலக்கு. ஃபெமா விதிப்படி விவசாய நிலப் பத்திரத்தில் வெளிநாட்டில் இருப்பவர் கூட்டாகவும் சேர முடியாது. ஒரு சட்டம் பெயரைப் போடாதே என்கிறது, இன்னொன்று போடாவிட்டால் குற்றம் என்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டவன் வெளிநாட்டு வாத்தியார். ஒரே நேர்வழி, வாங்காமல் இருப்பதுதான். திரும்பி வந்து நிலையாகத் தங்கிவிட்டால் ஃபெமாவின் பார்வையில் அவர் இந்தியாவில் வசிப்பவர், அப்போது தாராளமாகத் தன் பெயரிலேயே வாங்கலாம். ஆனால் அதற்குள் விலை எங்கேயோ போயிருக்கும். ஓசூரில் தொழிற்சாலைகள் பெருகப் பெருகக் கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, பாலக்கோடு என்று விலை தெற்கே இறங்கி வந்துகொண்டே இருக்கிறது. 2024 ஜூனில் ஓசூருக்குச் சர்வதேச விமான நிலையம் என்று சட்டப்பேரவையில் அறிவிப்பு வந்ததும், எங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த தரகர்களின் குரலே மாறிவிட்டது.

விலை ஏறும்போது தம்பியும் மாறுகிறான் என்று சொன்னால் அது முழு நியாயம் ஆகாது. பதினேழு வருடம் அந்த நிலத்தில் போர் போட்டது, வேலி கட்டியது, கரண்டுக்கு அலைந்தது எல்லாம் அவன். அவன் பிள்ளைகள் அதை அப்பாவின் நிலமாகப் பார்த்தே வளர்ந்திருக்கிறார்கள். இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் நான் இன்னும் பேச்சை எடுக்கவில்லை.

பட்டா, சிட்டா என்று நாம் அலையும் இந்த ஏற்பாட்டின் வேர் எங்கள் மண்ணிலேயே இருப்பது வேடிக்கை. 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால் என்ற எங்கள் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்ததும், கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் இந்த மலைக்கு நடுவில் இருக்கும் காடு மேடெல்லாம் அளந்து, இடையில் ஜமீன் இல்லாமல் நேரே குடியானவனிடம் வரி வாங்கும் முறையைத் தொடங்கினார்கள். ரயத்துவாரி என்று பின்னால் மாகாணம் முழுக்கப் பரவியது அதுதான். மன்றோ ஏழு வருடம் இங்கே இருந்தார், தர்மபுரி அவருக்கு மிகவும் பிடித்த ஊர். பிறகு சென்னை ஆளுநர் ஆனார். வேலையை முடித்துக்கொண்டு ஸ்காட்லாந்து திரும்பிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவர், கிளம்புமுன் கடைசியாக ஒரு சுற்றுப்பயணம் போன இடத்தில், 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். வெளிநாட்டு வேலையில் 'இன்னும் ஒரு வருடம்' என்று தள்ளிப்போடுகிறவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. யாரும் ரசிப்பதில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். ஊர் திரும்பும் தேதியைப் பெரும்பாலோர் டிக்கெட் விலை பார்த்து முடிவு செய்கிறார்கள். நிதியாண்டு பார்த்து முடிவு செய்வது நல்லது. பிப்ரவரி, மார்ச்சில் வந்து, அந்த வருடம் லீவில் வந்த நாட்களையும் சேர்த்து 60 நாளுக்குள் அடங்கினால், அந்த நிதியாண்டு முழுக்க வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவர்தான். அடுத்த ஏப்ரலிலிருந்து ஓர் இடைநிலை தொடங்கும். வங்கிக்காரர்கள் ஆர்.என்.ஓ.ஆர். என்பார்கள், 'வசிப்பவர், ஆனால் சாதாரணமாக வசிப்பவர் அல்ல' என்று பொருள். முந்தைய பத்து நிதியாண்டில் ஒன்பதில் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்திருந்தால் இந்த நிலை கிடைக்கும். என்னைப் போல நீண்ட நாள் இருந்தவர்களுக்குப் பொதுவாக இரண்டு வருடம், சிலருக்கு மூன்று. இந்த இடைநிலை இருக்கும்வரை வெளிநாட்டிலிருந்து வரும் வட்டிக்கோ பாக்கிப் பணத்துக்கோ இங்கே வரி இல்லை. 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது.

வெளிநாட்டில் இருந்தபோது இங்கே வங்கியில் டாலரில் போட்ட எஃப்.சி.என்.ஆர். வைப்பை முதிர்வு வரை அப்படியே விடலாம். ஆர்.என்.ஓ.ஆர். ஆக இருக்கும்வரை அதன் வட்டிக்கும் வரி கிடையாது. வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே ரூபாயில் வைக்கும் என்.ஆர்.இ. கணக்கு அப்படி இல்லை. ஊரோடு வந்துவிட்டோம் என்று வங்கியில் சொல்லி உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும், அல்லது ஆர்.எஃப்.சி. என்ற வெளிநாட்டு நாணயக் கணக்குக்குப் பணத்தை நகர்த்த வேண்டும். பலரும் சொல்லாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். வரி இல்லாத வட்டி என்று சந்தோஷமாக இருக்கிறார்கள், நோட்டீஸ் வரும்வரை.

மாத வருமானத்துக்கு அஞ்சலகம்தான் கை கொடுக்கிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். வெளிநாட்டில் இருக்கும்போது இதில் சேர முடியாது, திரும்பி வந்து 60 வயது ஆகியிருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் மாதம் 20,500. வெளிநாட்டில் 28 வருடம் நின்று சேர்த்ததன் பெரும்பகுதியைக் கொண்டுபோய்ப் போட்டால்தான் இது. நண்பரின் பென்ஷன் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், அதுவும் அகவிலைப்படியோடு ஏறிக்கொண்டே போகும்.

உடம்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் காப்பீட்டை ஊருக்கு வந்தபிறகு எடுப்போம் என்று இருப்பது தப்பு. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் உண்டு. திரும்புவதற்கு மூன்று வருடம் முன்னாலேயே இங்கே ஒரு பாலிசி எடுத்துவைத்தால் அந்தக் காலம் அங்கேயே கழிந்துவிடும். தர்மபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கிருஷ்ணகிரிக்கு 2022-ல் வந்தது. பெரிய வியாதி என்றால் இன்னமும் ஜனங்கள் சேலம், பெங்களூரு, வேலூர் என்றுதான் வண்டி பிடிக்கிறார்கள். மாத்திரைக்கு அலைய வேண்டியதில்லை. வீடு தேடி வந்து மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.

தண்ணீர் வேறு கதை. எங்கள் மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். என் பல்லில் இருக்கும் பழுப்புக் கோடுகளைப் பார்த்து மாலத்தீவில் ஒரு பையன், "சார், நீங்கள் நிறைய வெற்றிலை போடுவீர்களா" என்று கேட்டான். ஜப்பான் கடனில் கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தபின் நிலைமை மாறியிருக்கிறது. ஆனால் புதிதாக வீடு கட்டுகிறவர் முதல் வேலையாக ஆழ்துளைக் கிணறு போட்டு, காவிரித் தண்ணீர் வராத நாளில் அதையே குடிக்கவும் எடுக்கிறார். மாலத்தீவுத் தீவுகளில் வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி இருக்கும், வருடம் முழுக்கக் குடிக்க அதுதான். அதே மாதிரி மாடியிலிருந்து குழாய் இறக்கி ஒரு தொட்டி நான் இங்கே வைத்தேன். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தவற்றில் உருப்படியானது எது என்று கேட்டால் அந்தத் தொட்டியைத்தான் காட்டுவேன்.

வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. என் மனைவி பிள்ளைகளின் படிப்புக்காகப் பாலக்கோட்டிலேயே இருந்துவிட்டார். 28 வருடமாக கேஸ் புக் பண்ணுவதிலிருந்து கல்யாணத்துக்கு மொய் எழுதுவது வரை அவர் ஒழுங்கில் ஓடிய வீடு. நான் வருடத்துக்கு ஒரு மாதம் வந்துபோகும் விருந்தாளி. திரும்பி வந்த இரண்டாவது வாரம் சமையலறை அலமாரியை வசதியாக இருக்கட்டுமே என்று மாற்றி அடுக்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் எல்லாம் பழைய இடத்தில் இருந்தது. "நீங்க கிளாஸ்ரூம்னு நெனச்சுட்டீங்க" என்றார் சாயங்காலம். இன்றைக்கும் டீத்தூள் டப்பாவைத் தேடித்தான் எடுக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் வந்த அன்றைக்கே ஊர்க்காரனாகிவிட்டேன்: களி. எத்தியோப்பியாவில் டெஃப் என்ற மிகச் சிறிய தானியத்தைப் புளிக்கவைத்துச் சுடும் இஞ்செராவை முதல் நாளே நான் எளிதாகச் சாப்பிட்டதைப் பார்த்து அங்கிருந்தவர்களுக்கு ஆச்சரியம். நாம் கிளறும் கேழ்வரகின் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். சில ஆயிரம் வருடங்களுக்கு முன் அங்கிருந்து கிளம்பி வந்து, திரும்பிப் போகும் எண்ணமே இல்லாமல் தங்கிவிட்ட பயிர்.

மிச்சம் இருப்பது கைத்தொழில். அதாவது, பாடம் நடத்தத் தெரிந்திருப்பது. மாலத்தீவு மொழியான திவேகி மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்கு, அந்த மொழியில் பத்துச் சொல் தவிர ஒன்றும் தெரியாத நான் ஆங்கிலம் நடத்தினேன். அந்தப் பத்தில் ஒன்று 'தோனி', நம் தோணிதான். படம் வரைவது, பொருளைக் காட்டுவது, நடித்துக் காட்டுவது, ஒரு வாக்கியத்தை எட்டு விதமாகத் திருப்பிக் கேட்பது, இதெல்லாம் பி.எட்.டில் வந்ததில்லை, தீவில் வந்தது. தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் ஒரு வகுப்பில் தெலுங்கு பேசும் பிள்ளை, கன்னடம் பேசும் பிள்ளை, உருது பேசும் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை எல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அரசுப் பள்ளிகளில் 2012 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் வேறு. 2011 கணக்கெடுப்பில் தர்மபுரியின் எழுத்தறிவு 68.54 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. இந்தத் தொழில் தெரிந்த ஆட்கள் வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் இதுதான்.

ஆனால் திரும்பி வந்த வாத்தியாரிடம் ஊர் கேட்பது நன்கொடை. 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று 2022 டிசம்பரில் தொடங்கிய திட்டம் நல்ல திட்டம்தான், நானும் கொடுத்தேன். பெஞ்சுக்கும் பெயின்ட்டுக்கும் பணம் வாங்குகிறார்கள், வாரத்துக்கு இரண்டு பீரியடு எடுக்கட்டுமா என்றால் தலைமை ஆசிரியர் முகத்தில் ஒரு சங்கடம். அவரைக் குறை சொல்ல முடியாது, அப்படி ஒருவரை உட்காரவைக்க அவர் ரிஜிஸ்டரில் இடம் இல்லை. தனியார் பள்ளிகளோ வயதைப் பார்க்கின்றன. கடைசியில் பலரும் 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' போர்டு மாட்டுகிறார்கள். நான் மாட்டவில்லை. சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் திண்ணைக்கு வருகிறார்கள், காசு வாங்குவதில்லை. அவர்களில் இரண்டு பேர் தம்பியின் பிள்ளைகள். பெரியவன் பிளஸ் டூ. "பெரியப்பா, நீங்க திரும்ப எப்பப் போறீங்க?" என்று போன மாதம் கேட்டான். போகப் போவதில்லை என்றேன். வீட்டில் போய்ச் சொல்லியிருப்பான் போல, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி தானாகவே வந்து, ரொம்ப நேரம் போர் மோட்டார் ரிப்பேரைப் பற்றிப் பேசிவிட்டுப் போனான்.

என் எஃப்.சி.என்.ஆர். வைப்பு நவம்பரில் முதிர்கிறது. அதை அஞ்சலகத்தில் போடுவதா, நிலத்துக்கு வைப்பதா என்று முடிவு செய்யுமுன் அவனிடம் பேசியாக வேண்டும். மோட்டார் ரிப்பேருக்கு ஆன செலவில் பாதியை முதலில் கொடுத்துவிட்டுத் தொடங்கலாம் என்று மனைவி சொல்கிறார்.